அரியலூர் மாவட்டம் முதலிடம் சரி, எங்கள் ஒன்றியத்தில் நல்ல அரசுப் பள்ளி எது என்று எப்படிப் பார்ப்பது?

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வரும் ஜூனில் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறோம். ஊர் அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியம். மகள் 9ஆம் வகுப்பு போக வேண்டும், மகன் 6ஆம் வகுப்பு. அரசுப் பள்ளிதான் என்று நானும் வீட்டில் அவங்களும் பேசி முடிவு செய்துவிட்டோம். எந்த அரசுப் பள்ளி என்பதில்தான் குழப்பம்.

நடந்து போகிற தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. போன வருடம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று வாசலில் பேனர் இன்னும் தொங்குகிறது. பஸ்ஸில் போனால் பெரிய மேல்நிலைப் பள்ளி, அங்கே 89. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, 96. சொந்தக்காரர்கள் எல்லோரும் "நூறு இருக்கும்போது என்ன யோசனை" என்கிறார்கள்.

மாவட்டப் பட்டியலையும் பார்த்தேன். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 எடுத்து அரியலூர் மாநிலத்திலேயே முதலிடம். 2025 பிளஸ் 2வில் 98.82, மறுபடி முதலிடம். பக்கத்துப் பெரம்பலூர் 2022 பிளஸ் 2விலும் 2023 பத்தாம் வகுப்பிலும் முதலில் வந்திருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பக்கம் எங்கே சேர்த்தாலும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரவு நேசன்

அண்ணே, மாவட்டப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். அந்த 97.31 அரசுப் பள்ளிகளின் எண் இல்லை. மெட்ரிக், உதவிபெறும் பள்ளி எல்லாம் கலந்தது. 2024 பத்தாம் வகுப்பில் மாநிலம் முழுக்க எடுத்தால் அரசுப் பள்ளிகள் 87.90, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 97.43. ஒரு மாவட்டத்தில் எந்த வகைப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பது மாறினாலே மொத்த எண் மாறிவிடும். மாவட்டங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அரசுப் பள்ளிகளுக்கென்று தனியாக வெளியிடும் பட்டியலை எடுங்கள்.

அடுத்து ஆண், பெண் கணக்கு. அதே 2024இல் மாணவிகள் 94.53, மாணவர்கள் 88.58. கிட்டத்தட்ட 6 புள்ளி வித்தியாசம். பெண்கள் பள்ளியின் 96ஐயும் இருபாலர் பள்ளியின் 89ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த 7 புள்ளியில் பெரும்பகுதி பிள்ளைகளின் வித்தியாசமாகவே இருக்கலாம். பள்ளியின் வித்தியாசம் என்று உடனே சொல்லிவிட முடியாது. இருபாலர் பள்ளியில் மாணவிகளின் விழுக்காடு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் மகளுக்கு அந்த எண்தான் தேவை.

அப்புறம் அந்த நூறு. எத்தனை பேர் எழுதினார்கள்? ஊர்ப்பக்க உயர்நிலைப் பள்ளிகளில் 15, 20 பேர்தான் எழுதுவார்கள். 15 பேரில் ஒருவன் தவறினால் 93, இரண்டு பேர் தவறினால் 87. ஒரே ஒரு பையனுக்குத் தேர்வு அன்று காய்ச்சல் வந்தால் பேனர் போய்விடும். 180 பேர் எழுதும் பள்ளியில் 89 என்பது அப்படி ஆடாது. சின்னப் பள்ளி என்றால் 3, 4 வருடக் கணக்கைக் கூட்டி, மொத்தம் எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்று பாருங்கள்.

கடைசியாக, எனக்கு இதுதான் முக்கியம். தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள். எழுதாதவர்கள் அதில் வரவே மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிளஸ் 2 தமிழ்த் தேர்வு அன்று மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வரவில்லை. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94.03 என்று அறிவித்தார்கள். அந்த 50,000 பிள்ளைகள் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள்.

சாக்பீஸ்

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியர், பக்கத்து மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி. தரவு நேசன் சொன்னதெல்லாம் சரி. எண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8. தேர்ச்சிக்கு 35 போதும். வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் வரையக் கை பழகிவிட்டால், வரைபடத்தில் புள்ளி குறித்துக் கோட்டை இழுக்கத் தெரிந்துவிட்டால் 16. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் இன்னொரு பத்து. கணங்களில் ஒரு கார்டீசியன் பெருக்கல், ஒரு அணிக் கூட்டல். முடிந்தது, பையன் பாஸ்.

அரையாண்டுக்குப் பிறகு மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியாக உட்கார வைத்து நாங்கள் செய்வது இதைத்தான். மாலை ஆறு, ஆறரை வரை. சுண்டலோ பிஸ்கட்டோ ஆசிரியர்களே வாங்கிக் கொடுப்போம். இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 9ஆம் வகுப்பு வரை பெருக்கல் வாய்ப்பாடு வராத பிள்ளையைப் பத்து மாதத்தில் கரையேற்றுவது லேசான காரியமில்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. சின்ன மாவட்டங்கள். பெரம்பலூரில் நான்கே ஒன்றியம், அரியலூரில் ஆறு. ஒவ்வொரு திருப்புதல் தேர்வு முடிந்ததும் பள்ளிவாரியாக, பாடவாரியாக யார் தவறினார்கள் என்று உட்கார்ந்து பார்க்க முடிகிறது.

ஆனால் 38 வாங்கித் தேறிய அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியுமா என்றால் தெரியாது. அவனைப் பதினொன்றில் கணக்குப் பிரிவில் போட்டால் முதல் இடைப்பருவத் தேர்வுக்குள் நின்றுவிடுவான். ஆகவே விழுக்காட்டோடு நிறுத்தாதீர்கள். கணக்கிலும் ஆங்கிலத்திலும் 60க்கு மேல் எத்தனை பேர், 35க்கும் 45க்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் அந்தப் பட்டியல் கட்டாயம் இருக்கும். ஆய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதே அதைத்தான்.

உங்கள் மகன் 6ஆம் வகுப்பு. அவனுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்துப் பள்ளி தேடாதீர்கள். 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு டிக், ஒரு கையெழுத்து, தேதி மட்டும் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு. தப்பைச் சுழித்து, பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்திலேயே திருத்தம் இருந்தால் யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 7ஆம் வகுப்பில் நடு பெஞ்சில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு 648ஐ 4ஆல் வகுக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். முதல் பெஞ்ச் வேண்டாம்.

ஜவ்வாது அடிவாரம்

திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் பட்டியல் வந்ததும் எங்களுக்குத்தான் அடி விழும். 2024 பிளஸ் 2வில் 90.47, மாநிலத்தில் கடைசி. மறுநாள் டீக்கடையில் உட்கார முடியாது.

2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்ட மக்கள் தொகை 24.6 லட்சம், 18 ஒன்றியம். அரியலூர் 7.5 லட்சம், பெரம்பலூர் 5.65 லட்சம். சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி ஒவ்வொரு பள்ளியாக உட்கார்ந்து பார்க்கிற வசதி இங்கே இல்லை. ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மிளகு பறிக்கக் கேரளா, காபித் தோட்டத்துக்குக் கர்நாடகா என்று பெற்றோர் போய்விட்டால் பிள்ளை பாட்டியோடு இருக்கும், அல்லது கூடவே போய்விடும். திரும்பி வரும்போது காலாண்டு முடிந்திருக்கும்.

காலிப்பணியிடம் இன்னொன்று. ஆசிரியர் இடமாற்றக் கலந்தாய்வில் மலைக்கு வருபவர்கள் அடுத்த கலந்தாய்வில் இறங்கப் பார்ப்பார்கள். அந்த இடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரைப் போடுவார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. அந்தச் சம்பளத்துக்கும் மனசாட்சியோடு பாடம் நடத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த வருடம் அவரே இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. பள்ளியை ஒப்பிடும்போது கணக்கு, ஆங்கிலம், அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். இங்கே நான் பார்த்த வரை ஒரு பள்ளி ஏறுவதும் இறங்குவதும் அதை ஒட்டித்தான்.

சிமெண்ட் ரோடு

அடிவாரம் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு அரியலூரில் 71.34, திருவண்ணாமலையில் 74.21. மாநிலச் சராசரி 80.09. எங்கள் ஊர் அப்பா அம்மா உங்கள் ஊரை விடக் குறைவாகப் படித்தவர்கள். முந்திரிக்காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கம், மானாவாரி. இந்தக் கூரைகளுக்கு அடியிலிருந்து 97 வந்திருக்கிறது. பின்தங்கிய ஊர் என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால், இங்கே ஆசிரியர்கள் போட்ட உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகும்.

சாக்பீஸ் சாரிடமும் ஒரு வார்த்தை. 38 மதிப்பெண்ணை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறினால்தான் போலீஸ் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், ஐடிஐயில் நல்ல டிரேடு எடுக்கலாம், பாலிடெக்னிக் போகலாம். எங்கள் தெருவில் பத்தில் தவறிய பெண் பிள்ளைகளுக்கு அடுத்த தை மாதமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தேறியவள் பிளஸ் 1 போவாள், அப்புறம் கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்பதால் வீட்டிலும் விடுவார்கள். 34க்கும் 35க்கும் நடுவில் ஒரு பெண்ணின் கல்யாண வயதே இருக்கிறது.

சாக்பீஸ்

சிமெண்ட் ரோடு, 35 எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் ஆறரை வரை உட்காருகிறோம். தேர்ச்சி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பள்ளியும் 90ஐ ஒட்டியோ தாண்டியோ வந்துவிட்ட பிறகு, அந்த எண்ணை வைத்து ஒரு பள்ளியையும் இன்னொரு பள்ளியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்கிறேன். அண்ணன் கேட்டது அதைத்தானே.

ஜவ்வாது அடிவாரம்

எழுத்தறிவுக் கணக்கு யோசிக்க வைத்தது. எங்கள் மாவட்டத்திலும் சமவெளிப் பள்ளிகள் சில 95க்கு மேல் எடுக்கின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலைக்கு அந்தப் பதில் பொருந்தாது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் யாருடைய உழைப்பை அளப்பது?

எஸ்எம்சி அம்மா

நான் ஒரு கிராமத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்ல விரும்பவில்லை.

எங்கள் பள்ளியும் நூறு காட்டியது. கூட்டத்தில் கைதட்டினோம். அப்போது ஓர் அம்மா எழுந்து, "போன வருஷம் ஒன்பதாவதில என் மகனோட அஞ்சு பேரு இருந்தாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டார். விசாரித்தால் ஒருவனை அவன் அப்பாவே செங்கல் சூளைக்குக் கூட்டிப்போயிருந்தார். ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மற்ற மூன்று பேரின் பெற்றோரையும் பள்ளியில் கூப்பிட்டு, "இவன் தேற மாட்டான், டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். படிக்காதவர்களிடம் வாத்தியார் சொன்னால் சரி என்றுதான் சொல்வார்கள். அந்த மூவரும் தனித்தேர்வராகவும் எழுதவில்லை.

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மூன்று பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி வாங்கிய நூறு அது. எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மேலே இருந்து "விழுக்காடு, விழுக்காடு" என்று அழுத்தம் வரும்போது கீழே இப்படியும் நடக்கிறது.

தம்பி, ஒன்று செய்யுங்கள். 9ஆம் வகுப்பில் ஜூன் மாதம் எத்தனை பேர், அதே பிள்ளைகளில் பத்தாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்று மூன்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது, இடைநின்றவர் பட்டியலும் இருக்கிறது. 60 பேர் நுழைந்து 54 பேர் எழுதி 50 பேர் தேறிய பள்ளியை, 60 நுழைந்து 45 எழுதி 45 தேறிய பள்ளியை விட நல்ல பள்ளி என்றுதான் நான் சொல்வேன். பேனர் இரண்டாவது பள்ளி வாசலில்தான் தொங்கும்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வீட்டில் அவங்களை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மாதத்தில் மூன்று நாள் லீவு போடுகிற பிள்ளைக்கு வருடத்தில் ஒரு மாதப் பாடம் போய்விடும்.

பழைய மாணவி

நான் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம். சின்ன உயர்நிலைப் பள்ளியில் பத்து வரை படித்து, பிளஸ் 1க்குப் பெரிய பள்ளிக்குப் பஸ்ஸில் போனவள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

சின்னப் பள்ளியில் எல்லா டீச்சருக்கும் என் பெயர் தெரியும், எங்கள் வீட்டில் வெங்காயம் அறுவடை என்றைக்கு என்பது வரை தெரியும். இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் வரும். ஆனால் ஆய்வகம் என்று ஓர் அலமாரிதான் இருந்தது, அதையும் பூட்டியே வைத்திருந்தார்கள். பெரிய பள்ளியில் ஆய்வகமும் நூலகமும் இருந்தன, என் பெயரைத் தெரிந்துகொள்ள யாருக்கும் நேரம் இல்லை. பதினொன்றில் உயிரியல் பிரிவு கேட்டபோது உள் மாணவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு என்றார்கள். எனக்குக் கிடைத்தது கலைப்பிரிவு.

அங்கிள், உங்கள் மகள் பிளஸ் 1இல் எந்தப் பிரிவு எடுக்க ஆசைப்படுகிறாள் என்று இப்போதே கேளுங்கள். அந்தப் பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளியில் 9இலேயே சேர்வது அவளுக்கு நல்லது.

தரவு நேசன்

தங்கை சொன்னது எந்தப் பட்டியலிலும் வராத விஷயம்.

மத்திய அரசின் நாஸ் (தேசிய அடைவு ஆய்வு), பிரதம் தொண்டு நிறுவனத்தின் ஏசர் என்று பேப்பரில் வரும் ஆய்வுகளைப் பார்க்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2021 நவம்பர் 12 அன்று நடந்த நாஸ் தேர்வு, தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு வைத்தது. மாவட்ட அளவில் சொல்லும், பள்ளி அளவில் சொல்லாது. ஏசர் வீட்டுக்கே போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறது, ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பள்ளிக்கு வராத பிள்ளையும் அதில் அகப்படுவதால் எனக்கு அதன் மேல் மதிப்பு அதிகம். ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளி எப்படி என்று அதுவும் சொல்லாது. சாக்பீஸ் சாரின் வகுத்தல் கணக்கை நேரில் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது மூன்று பள்ளிக்கும் போய் வந்தோம்.

நூறு விழுக்காடு பள்ளியில் போன வருடம் எழுதியவர்கள் 13 பேர். 9ஆம் வகுப்பில் சேர்ந்திருந்தவர்களும் அதே 13 பேர், யாரையும் அனுப்பவில்லை. தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டையே எடுத்துக் காட்டினார். ஆறாம் வகுப்பு நோட்டில் திருத்தம் இருந்தது. நடு பெஞ்ச் பையன் ஒருவன் 648ஐ வகுத்து 162 என்று சொன்னபோது அவனுக்கே அவ்வளவு சந்தோஷம். ஆனால் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி, தற்காலிக ஆசிரியைதான் இருக்கிறார்.

பெரிய பள்ளியில் 89 என்பதை மாணவிகளுக்கு மட்டும் பிரித்துக் கேட்டேன், 95க்கு மேல் வருகிறது. 9இலிருந்து 10க்கு வரும்போது குறைந்தவர்கள் நிறைய. அதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். பெண்கள் பள்ளியில் கணக்கு, அறிவியல் இரண்டுக்கும் பல வருடமாக அதே ஆசிரியைகள், உயிரியல் பிரிவும் இருக்கிறது. மகள் நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். தண்ணீர், தாழ்ப்பாள் எல்லாம் வீட்டில் அவங்க பார்த்துவிட்டார்கள். அவளை அங்கேயும், பையனை ஊர்ப் பள்ளியிலும் சேர்க்கிறோம். கணக்கு ஆசிரியர் பணியிடத்துக்காக மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அனுப்பலாம் என்று எஸ்எம்சி அக்கா தனியாகச் சொன்னார்கள். பையன் சேர்ந்ததும் அந்த வேலையைத் தொடங்குகிறேன்.

திருப்பூர் பள்ளியில் டிசி வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

சாக்பீஸ்

உண்டு. டிசி கையில் வந்தால் போதாது, எமிஸில் இரண்டு பிள்ளைகளின் எண்ணையும் காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளி எடுத்துக்கொள்கிற பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லுங்கள். விட்டால்தான் இங்கே சேர்க்கை ஏறும், பாடப்புத்தகமும் பஸ் பாஸும் தாமதமில்லாமல் வரும். மே மாதக் கடைசியில் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள், அதற்கு முன்பே போய்விடுங்கள்.